“சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர்”: பள்ளிக்கூடச் சீண்டல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

31 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பெற்றோர் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் போய்வருகிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, வாசலில் செருப்பு மாட்டுகிற இடத்தில் யாராவது ஒருவர் தயங்கியபடி வந்து நிற்பார். பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: பள்ளியில் மற்ற பிள்ளைகள் தன் பிள்ளையைப் படுத்தும் பாடு. நின்றபடி பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதி வைத்தேன். நான் மனநல மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போகவேண்டிய இடம் எது என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. பசங்கன்னா ஒருத்தரையொருத்தர் ஓட்டத்தான் செய்வாங்க. அது எப்போ புல்லியிங் ஆகுது?

ஓட்டுவது, கலாய்ப்பது, காய் விட்டுப் பழம் விடுவது எல்லாம் எந்த வகுப்பிலும் உண்டு. இன்றைக்கு இவன் அவனைக் கிண்டல் செய்வான், நாளைக்கு அவன் இவனை. யாருக்காவது வலித்துவிட்டால் மற்றவன் நிறுத்திக்கொள்வான்.

நார்வேயில் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ் மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. பலம் என்றதும் உடம்பைத்தான் நினைக்கிறோம். கூட்டாளிகள் எத்தனை பேர், லீடர் யார், என்ன சாதி, அப்பா என்ன வேலை, என்ன நிறம், இங்கிலீஷ் எவ்வளவு வரும், இதெல்லாமும் பலம்தான். நான் கேட்டுப்பார்க்கும் கேள்வி இது: “போதும், நிறுத்து” என்று அந்தப் பிள்ளையால் சொல்ல முடியுமா? சொன்னால் நிற்குமா?

தமிழில் இதற்கு நிலைத்த சொல் ஒன்று இன்னும் வரவில்லை. கல்லூரி ராகிங்கை இலங்கையில் பகிடிவதை என்பார்கள், நல்ல சொல். பள்ளிக்கூடத்து விஷயத்துக்கு நான் சீண்டல் என்றே எழுதுகிறேன்.

2. அதுக்காக ட்ராமான்னு சொல்றது கொஞ்சம் ஓவரா இல்லையா? வெள்ளம், விபத்துன்னா சரி. பட்டப்பேருக்குப் போயா?

நியாயமான சந்தேகம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். இங்கே பிள்ளை மறுநாள் காலை 9 மணிக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அதே இடத்துக்குப் போயாக வேண்டும். எப்போது என்ன நடக்குமோ என்று உடம்பு நாள் முழுக்க உஷாராகவே இருக்கிறது. ஆபத்து நேரத்தில் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தினமும் சுரந்துகொண்டிருந்தால் தூக்கம், செரிமானம், ஞாபகசக்தி எல்லாவற்றிலும் கைவைக்கும். மனக்காயம் என்பது இதுதான். அபாயம் நின்ற பிறகும் நிற்காத உடம்பு.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத இருவர் விளையாடிக்கொண்டிருந்த தட்டு இவர் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்கள் திரும்ப இவருக்கு வீசினார்கள், ஆட்டம் மூன்று பேருடையதாயிற்று. கொஞ்ச நேரத்தில் இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாதவர்கள், இருந்தும் வலித்தது. அந்த வலியை அவர் கம்ப்யூட்டரில் ஒரு பந்து விளையாட்டாக்கினார். 2003இல் லாஸ் ஏஞ்சலஸில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களை அந்த விளையாட்டிலிருந்து ஒதுக்கிப் பார்த்தார்கள். உடம்பில் அடிபட்டால் வேலை செய்யும் மூளைப் பகுதி ஒன்று அப்போதும் வேலை செய்தது.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேட்டின்படி பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்று நோய்ப்பெயர் எழுத, உயிராபத்தோ பலத்த காயமோ பாலியல் வன்முறையோ நடந்திருக்க வேண்டும். சீண்டப்படும் பிள்ளைகள் பலர் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் கெட்ட கனவு, திடுக்கிடுவது, அந்தப் பக்கமே போகாமல் தவிர்ப்பது போன்ற அதே அறிகுறிகள் இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்பதற்காகக் காயம் இல்லை என்றாகிவிடாது.

3. நாங்களும் இதெல்லாம் பட்டுத்தான் வளர்ந்தோம். நல்லாத்தானே இருக்கோம்?

சிலர் நன்றாக இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இப்படிச் சொல்பவரிடம் “உங்களை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பெயர் ஒரு நொடியில் வந்து விழும். கூப்பிட்டவன் பெயரும் கூடவே வரும்.

பிரிட்டனில் 1958ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 7,771 பேரைப் பற்றிய கணக்கு 2014இல் வெளியானது. 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி சீண்டப்பட்டவர்களுக்கு 50 வயதிலும் மன உளைச்சல் மற்றவர்களைவிட அதிகம் இருந்தது. நெருங்கிய உறவுகளும் குறைவு. வீட்டு வறுமை, சிறுவயது அறிவுத்திறன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் போகவில்லை.

4. என் பையன் வாயே திறக்க மாட்டான். நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாய் சொல்லாததை உடம்பும் பையும் சொல்லும். ஞாயிறு சாயங்காலம் ஆரம்பித்துத் திங்கள் காலையில் உச்சத்துக்குப் போய், லீவு போட்டதும் காணாமல் போகும் வயிற்றுவலி. பென்சில் டப்பா அடிக்கடி தொலைவது. கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்புவது, அல்லது சாப்பாடு கொண்டுபோயும் அகோரப் பசியோடு வீடு வருவது. பள்ளிக்கு வேறு வழியில் சுற்றிப்போவது. நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது. பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவது. டீச்சர் கண் படாத இடம் கழிப்பறைதான் என்பதால் நாள் முழுக்க அடக்கி வைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்த வீடுகளும் உண்டு.

நான் கோட்டை விட்ட கதையையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. லேசான திக்குவாய் உள்ள ஒரு பையன், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது “உள்ளேன் டீச்சர்” சொல்லாமல் கையை மட்டும் தூக்குவான். ஆடி மாதவாக்கில் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வர ஆரம்பித்தான். நானும் தினமும் வெளியே நிற்கவைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள், ஹெச்எம் கூப்பிட்டாரென்று பதிவேட்டை லீடரிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் நடந்தேன். அவன் பெயர் வந்ததும் வகுப்பே சேர்ந்து “உ… உ… உ…” என்று ராகம் போட்டது. அவன் அப்போது வகுப்பிலேயே இல்லை. இல்லாத பையனுக்கும் அந்தப் பாட்டு நடந்தது. அட்டெண்டன்ஸ் முடிகிற நேரம் பார்த்து அவன் வந்துகொண்டிருந்தான். தாமதத்துக்கு நான் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

5. என்கிட்ட எல்லாத்தையும் சொல்ற பொண்ணு, இதை மட்டும் ஏன் மறைச்சா?

வெட்கம் முதல் காரணம். “என்னிடம் ஏதோ குறை, அதனால்தான் செய்கிறார்கள்” என்று பிள்ளை நம்பிவிடுகிறது. அடுத்து, அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டால் நிலைமை மோசமாகும் என்ற பயம். பிள்ளைகளின் கணக்கு இதில் பெரும்பாலும் தப்புவதில்லை, 8ஆவது கேள்வியைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை லேசாகச் சொல்லிப்பார்த்திருக்கும். “நீ என்னடி பண்ணினே?” என்றோ “கண்டுக்காம விடு” என்றோ நாம் பதில் சொல்லியிருப்போம். நமக்கு அது நினைவிருக்காது, அவளுக்கு இருக்கும்.

6. சரி, சொல்லிட்டான். இப்போ நான் முதல்ல என்ன பண்ணணும்?

போனைக் கீழே வையுங்கள். முழுவதும் கேளுங்கள். “சொன்னது நல்லதுடா. இதுல உன் தப்பு எதுவும் இல்லை. இனிமே இதை நாம சேர்ந்து பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். உதவாக்கரை வசனம்போல் இருக்கும், ஆனால் இதற்கு மேல் மருந்து அந்த நேரத்தில் கிடையாது. சீண்டலில் பாதி வலி நடந்த காரியத்தால் வருகிறது. மீதி, யாரும் தன் பக்கம் நிற்கவில்லை என்பதால் வருகிறது. இரண்டாவதை அன்றைக்கே குறைக்க உங்களால் முடியும்.

பிறகு ஒரு நோட்டில் தேதி, இடம், என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்கும் முன் போட்டோ எடுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். “உன்னைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டேன், ஆனா ஒண்ணும் செய்யாம இருக்கவும் மாட்டேன்” என்பது போதும்.

7. ‘திருப்பி ஒண்ணு குடுத்துட்டு வா’ன்னு சொல்லிட்டேன். தப்பா?

அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன ஏற்றத்தாழ்வை நினைத்துப்பாருங்கள். திருப்பி அடிக்க முடிந்த பிள்ளையாக இருந்தால் அது சண்டையாக இருந்திருக்கும், சீண்டலாக இருக்காது. ஒருவன் அடிக்கப் போக, நான்கு பேர் சேர்ந்து அடிப்பார்கள். டீச்சர் கண்ணில் படுவது இவன் அடித்த அடி மட்டுமாக இருக்கும். அதோடு, உங்கள் சொல்லைச் செய்ய முடியாமல் போனால் அங்கேயும் தோற்று, இங்கேயும் தோற்றவனாகிறான்.

நேராக நின்று, சத்தமாக “நிறுத்து” என்று சொல்லிவிட்டு, பெரியவர்கள் இருக்கும் இடத்துக்கு நடந்து போவதைப் பழக்கலாம். வீட்டில் நடித்துக் காட்டிப் பழக்குங்கள். சிலம்பம், கராத்தே சேர்ப்பதிலும் தப்பில்லை. உடம்பின் மேல் நம்பிக்கை வரும், அங்கே புது நண்பர்களும் கிடைப்பார்கள். நண்பர்கள்தான் அதில் பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

8. மிஸ்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கை குலுக்க வெச்சாங்க. அதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு. ஏன்?

நானும் அதைத்தான் செய்தேன். மேலே சொன்ன பையனையும் பாட்டுக்குத் தலைமை தாங்கிய லீடரையும் எதிரெதிரே நிறுத்தி, “ஸாரி சொல்லு, ஃப்ரெண்டாயிடுங்க” என்றேன். பாட்டு அடுத்த நாளே நின்றுவிட்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

சமரசம் என்பது சம பலமுள்ள இருவர் சண்டையிட்டால் செய்வது. சீண்டலில் அதைச் செய்தால், படுகிற பிள்ளையும் ஏதோ தப்பு செய்தது என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லோர் முன்னாலும் விசாரித்தால் “காட்டிக்கொடுத்தவன்” பட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர் செய்ய வேண்டியது: இருவரையும் தனித்தனியே பேசவைப்பது, கூட இருந்தவர்களையும் தனித்தனியே கேட்பது, இடம் மாற்றவேண்டுமென்றால் சீண்டியவனை மாற்றுவது, ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் விசாரிப்பது. கடைசி வேலையைத்தான் நாங்கள் யாரும் செய்வதில்லை. சிலபஸ் முடிக்கிற அவசரம்.

9. என் பொண்ணு யாரையும் ஒண்ணும் பண்ணல, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. அவளையும் ஏன் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க?

சீண்டல் ஒரு நாடகம், ஆள் பார்த்தால்தான் நடக்கும். கனடாவில் விளையாட்டு மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. நூற்றுக்கு 88 தடவை மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்களில் யாராவது குறுக்கே போனபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டது. ஆனால் குறுக்கே போனது குறைவு.

பின்லாந்தில் கிவா என்ற பள்ளித் திட்டம் முக்கியமாக இந்த வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை நம்பியே அமைந்தது. வீராங்கனையாகக் குறுக்கே பாயச் சொல்ல வேண்டாம். சிரிக்காமல் இருப்பது, போய் டீச்சரிடம் சொல்வது, பிறகு அந்தப் பிள்ளையிடம் “நாம சேர்ந்து சாப்பிடலாமா?” என்று கேட்பது. பெஞ்சில் தனியாக இருந்த என் மாணவனுக்கு இந்தக் கடைசி ஒன்று நடந்திருந்தால் போதும்.

10. அடிக்கல, திட்டல. கூடப் படிக்கிற பொண்ணுங்க பேசுறதை நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். இதுக்குமா புகார் குடுக்கிறது?

இரண்டாவது கேள்வியில் வந்த பந்து விளையாட்டு இதுதான். திட்டமிட்டு, நாள் கணக்கில், எல்லோரும் சேர்ந்து ஒதுக்குவதும் சீண்டலே. வெளியே தெரியும் தடயம் எதுவும் இல்லாததால் பிள்ளை தன் மேலேயே சந்தேகப்படும்.

இப்போது இது போனிலும் தொடர்கிறது. அவளை மட்டும் விட்டுவிட்டு ஒரு வாட்ஸ்அப் குழு, அவள் போட்டோவில் ஸ்டிக்கர், இன்ஸ்டாவில் போலிக் கணக்கு. முன்பெல்லாம் நாலரை மணி பெல் அடித்தால் விடுதலை. இப்போது படுக்கையிலும் விடுவதில்லை. அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கணக்கை ரிப்போர்ட் செய்யுங்கள், சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். தண்டனைபோல அவள் போனைப் பிடுங்காதீர்கள், அடுத்த தடவை சொல்ல மாட்டாள். அந்தரங்கப் படம் எதுவும் சம்பந்தப்பட்டிருந்தால் அது சீண்டலைத் தாண்டி, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்துக்குள் போய்விடும். தெரிந்த பிறகு புகார் கொடுக்காமல் பள்ளி மூடி மறைத்தால் அதுவே குற்றம். அந்தப் படத்தை மட்டும் ஆதாரமென்று யாருக்கும் ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். போனோடு போலீசிடம் போங்கள்.

11. கிளாஸ்ல டீச்சரே பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுறாங்களே?

வெட்கத்தோடு சொல்கிறேன், நடக்கிறது. பெரும்பாலும் வகுப்பைச் சிரிக்கவைக்கச் செய்வார்கள். டீச்சர் ஒருமுறை சொன்னால் நாற்பது பேருக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

12. ஸ்கூல்ல கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. யார்கிட்ட போகணும்?

வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். 6ஆவது பதிலில் சொன்ன நோட்டைப் பார்த்து, ஒரு பக்கத்துக்குள் மனு எழுதுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர், அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழு, அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளும் இவர்கள் கண்காணிப்பில்தான் இருக்கின்றன. சிபிஎஸ்இ பள்ளிகள் இதற்கென ஒரு குழு வைத்திருக்க வேண்டும் என்று 2015லேயே சுற்றறிக்கை வந்தது, “அந்தக் குழுவில் யார் யார்?” என்று கேட்டுப்பாருங்கள். கேட்பதிலேயே பாதி வேலை நடக்கும்.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான அவசர எண் 1098, பிள்ளையே கூப்பிடலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமும் இருக்கின்றன. ஒரே ஒரு விஷயத்தில் கவனம்: எதிர்த்தரப்புப் பிள்ளையை வழியில் மறித்து நீங்களே மிரட்டாதீர்கள். அப்புறம் புகார் உங்கள் மேல் வரும்.

13. சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. ‘பெருசு பண்ணாதீங்க, பசங்க விளையாட்டு’ங்கிறார் ஹெச்எம். விட்டுடலாமா?

விடக்கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், சக மாணவர்களின் சாதிச் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளி காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்றிரவே உடன் படித்த பையன்கள் வீட்டுக்குள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மறு ஆண்டு பொதுத்தேர்வில் அந்தப் பையன் 600க்கு 469 எடுத்தான். செய்தித்தாள்கள் மதிப்பெண்ணைக் கொண்டாடின, சந்தோஷம்தான். என் மனதில் ஓடுவது வேறு: புகார் சொன்ன நேரத்துக்கும் இரவுக்கும் இடையில் இருந்த அந்தச் சில மணி நேரம். பிள்ளை சொன்னதும், அன்றைக்கே அதற்குப் பாதுகாப்பு யார் என்று முடிவு செய்துவிட வேண்டும். விசாரணை நாளைக்கும் நடக்கலாம்.

இதையொட்டி அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளம் வரை எடுக்கச் சொன்னது. சட்டப்படி பார்த்தால், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஹெச்எம்மிடம் மனுவில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதுங்கள், விளையாட்டு என்ற சொல் அத்தோடு நிற்கும்.

14. பேசாம வேற ஸ்கூல் மாத்திடலாம்னு இருக்கேன்.

உடம்புக்கு ஆபத்து இருந்தாலோ, பள்ளி அசையவே இல்லையென்றாலோ மாற்றுங்கள், ஓடிப்போவதாக நினைக்க வேண்டாம். ஆனால் பிள்ளையைக் கேட்டு மாற்றுங்கள். “உன்னால்தான் இத்தனை ஃபீஸ் வீணாச்சு” என்ற பேச்சு வீட்டில் எழவே கூடாது. புது இடத்திலும் முதல் சில மாதம் அந்த உஷார் நிலை தொடரும். யாராவது பின்னால் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். இரண்டாவது பதிலில் சொன்ன, அபாயம் நின்றும் நிற்காத உடம்பு அது. ஊர் மாறியதை அது தெரிந்துகொள்ள நாளாகும்.

15. கூப்பிட்டு விட்டாங்க. போனா, என் பையன்தான் மத்தவங்களைப் படுத்துறானாம். நம்பவே முடியல.

இதைக் கேட்க வருகிறவர்கள் மிகக் குறைவு. வந்தீர்களே, அதற்கே மரியாதை. “என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்” என்று அங்கேயே வாதாடாதீர்கள். வீட்டுக்கு வந்து பெல்ட்டை எடுக்கவும் வேண்டாம், பலம் உள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அது உறுதிப்படுத்தும். என்ன செய்தான் என்று அவன் வாயால் சொல்லவையுங்கள். கிழித்த புத்தகத்துக்கு அவன் சேமிப்பிலிருந்து புதுசு வாங்கித் தரட்டும்.

அவனை யாராவது படுத்துகிறார்களா என்றும் பாருங்கள். அண்ணனோ டியூஷன் பையன்களோ, சில சமயம் நாமோ. சீண்டப்பட்டுக்கொண்டே மற்றவர்களைச் சீண்டவும் செய்யும் பிள்ளைகளே பெரியவர்களான பின் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்று 2013இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

16. கவுன்சிலிங் கூட்டிட்டுப் போகலாமா? மெண்டல்னு முத்திரை குத்திட மாட்டாங்களா?

சீண்டல் நின்று ஒரு மாதம் ஆகியும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது ஆகியவை சீராகவில்லை என்றால் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம். போனில் பேச டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று பலருக்குப் பயம். பெரும்பாலும் பேச்சும் விளையாட்டும் வரைவதும்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்கு ஏன் சொல்ல வேண்டும்? காய்ச்சலுக்குப் போனதைச் சொல்கிறோமா என்ன!

17. ‘செத்துடலாம் போல இருக்கு’ன்னு சொன்னா. சும்மா பயமுறுத்துறாளா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதல் வரும். அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்தில் வையுங்கள். 14416 அல்லது அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் பேசுங்கள், அவசரமென்றால் நேராக ஆஸ்பத்திரி. பரீட்சை இருந்தாலும் சரி, பள்ளி காத்திருக்கட்டும்.

18. எனக்கு 38 வயசு. ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்து சிரிச்சா இன்னமும் வயிறு கலங்குது. இத்தனை வருஷம் கழிச்சு என்ன பண்ண முடியும்?

செய்யலாம். முதலில், அது உங்கள் கோழைத்தனம் இல்லை, 3ஆவது பதிலில் உள்ள 50 வயதுக்காரர்களைப் பாருங்கள். சிறுவயதுத் துன்பங்கள் பின்னாளில் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்று 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வுகூடப் பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்ததைத்தான் கேட்டது. சக பிள்ளைகள் செய்ததைக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அதையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். நிபுணர்களே விட்டுவிட்ட ஒன்றை நீங்கள் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

மனக்காயத்துக்கான சிகிச்சை தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள், பெரியவர்களுக்கும் பலன் தரும். அதற்கு முன்பு, நம்பிக்கையான ஒருவரிடம் முழுக் கதையையும் ஒருமுறை சொல்லிப்பாருங்கள். பெரும்பாலானவர்கள் கணவரிடம், மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

19. பத்தாவது பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துவிட்டாங்க. அதே பட்டப்பேர்ல குட்மார்னிங் சொல்றாங்க. வெளிய வந்தா சின்னப்புத்தின்னு நினைப்பாங்களா?

நினைக்கட்டும். அவர்களுக்கு உண்மையிலேயே ஞாபகம் இருக்காது, அந்தப் பெயர் பாசம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை சொல்லிப்பார்க்கலாம் என்று தோன்றினால், குழுவில் எழுதாமல் அவர்களில் கொஞ்சம் இளகிய ஒருவருக்குத் தனியாக எழுதுங்கள்: “என் பெயர் இது. அந்தப் பெயரில் கூப்பிட வேண்டாம்.” இரண்டு வரி போதும், விளக்கம் எதற்கு? சிலர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். மன்னிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், அவசரமில்லை. சிலர் “ஏய், சும்மா விளையாட்டுக்கு” என்று சிரிக்கும் பொம்மை போடுவார்கள். அப்படிப் போட்டால் வெளியே வந்துவிடுங்கள். பொங்கலுக்கு அவர்கள் மண்டபம் பிடித்துக் கூடும்போது நீங்கள் உங்கள் பிள்ளைகளோடு எங்காவது போய்வரலாம்.